ஓசையற்ற அடி

மேலைநாடுகளில், காலணியின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடு பொருத்தித் தரையைத் தட்டி ஆடும் நடனம் ஒன்று உண்டு. அதனை மென்மையான அடிப்பாகமுள்ள காலணியுடன், தகடின்றி ஆடுவோரும் உளர். அங்கே ஓசை தணிகிறது, ஆட்டம் குறைவதில்லை. முழக்கத்தில் மறையும் பிழைக்கு அங்கே ஒளிய இடமில்லை.

நம் மண்ணும் இதனை அறியும். இராஜபாளையத்தில் பரதம் பயிலும் சிறுமியர் முதல் நாளிலேயே சலங்கை அணிவதில்லை. ஆசிரியரின் தட்டுக்கழி காட்டும் தாளத்திற்கு வெறுங்காலால் நெடுநாள் தட்டடவு பழகிய பின்னரே சலங்கை பூசை. அருகிலுள்ள திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், மார்கழித் திருநாளில் அரையர் சேவை நிகழ்கிறது. தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, பொருள் உரைக்கின்றனர். அவர்தம் ஆட்டம் அவைக்கன்று, சன்னிதிக்கே.

அவ்வாறாயின் ஓசை குற்றமோ? அன்று. சலங்கை ஆட்டத்திற்கு அழகே. அடி செம்மையுறாத காலில் ஒலிக்கும் சலங்கையே நாணத்தக்கது.

ஆலயத்திற்கு நாம் அளிக்கும் மின்விசிறியின் இறக்கையில் நம் பெயரை எழுதுகிறோம். அது சுழன்று காற்றுத் தருகையில் அப்பெயரை எவரும் படிக்க இயலாது. பணி நின்றால்தான் பெயர் தெரிகிறது. அறஞ்செய்கையில் எக்காளம் முழக்குவதை நம் ஆண்டவர் விலக்கியதன் பொருள் அங்கே விளங்குகிறது.

சலங்கையைக் கழற்றிய பின்னும் நம் கால்கள் தாளம் தவறாதிருக்குமா? யாரும் காணாத வேளையில் நாம் செய்யும் பணியே இதற்கு விடை கூறும்.