குப்பைப் பையும் ஓர் உழவாரப் பணிதான்



தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு முன்பு நாம் உழவாரப் பணிக்குப் போகிறோம். புல் செதுக்கித் தரை கழுவுகிறோம். ஆனா, அப்பர் சுவாமிகள் உழவாரத்தைக் கையில் எடுத்தது எதுக்குன்னு யோசிச்சிருக்கோமா? கோயிலை வலம் வரும் அடியார் காலில் முள்ளும் கல்லும் குத்தக் கூடாது, அதுக்குத்தான். திருப்புகலூரில் பொன்னும் மணியும் கிடந்தபோதும், அவற்றையும் கல்லாகவே நினைத்துக் குளத்தில் வீசினார் என்கிறது பெரியபுராணம்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். போன தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தப்ப, உடைஞ்ச கண்ணாடியைச் சோற்றுக் குப்பையோடு பையில் போட்டுக் கட்டி வெச்சேன். காலையில் பையைத் தூக்கிய லாரி அண்ணன் கையில் ரத்தம். அவர் திட்டல. துணியைச் சுத்திக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார். அன்று மாலை அம்மன் முன்னால் என்னால் நிமிர்ந்து நிற்க முடியல.

லாரி ஏறிய குப்பை மறைஞ்சு போறதில்லை. நம்ம கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமில் 2007 முதல் குப்பை நிலம் இருக்கு. உலு சிலாங்கூர் புக்கிட் தாகாரில் 2005 முதல் இன்னொன்று. கோலாலம்பூர் குப்பை அங்கே வருது. சோறும் குழம்பும் அழுகி வடியும் கறுப்புத் தண்ணீர், பக்கத்தில் கிடக்கும் பேட்டரியின் ஈயம், குழல் விளக்கின் பாதரசம் எல்லாவற்றையும் கரைச்சுக்கிட்டு இறங்கும்.

672-ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமானது. சிலாங்கூர் அன்று அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அபராதம் இல்லேன்னா தர்மமும் இல்லையா? அப்பருக்கு யாரும் அபராதம் போடலையே!

இந்த வாரமே தொடங்குவோம். காய்கறித் தோல் வாழை மரத்தடிக்கு. தாள், டின், பிளாஸ்டிக் கழுவிக் காய வைத்துத் தனிப் பையில். பேட்டரி, பழைய போன், குழல் விளக்கு எல்லாம் தனிப் பெட்டியில். சேர்ந்ததும் மின்கழிவு வாங்கும் மையத்துக்கு. களைக்கொல்லி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடிக்க வேண்டாம்; மூன்று முறை அலசி, ஓட்டை போட்டு, தோட்டத்து ஸ்டோரில் கேட்டு ஒப்படையுங்கள். கொல்லையில் கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை முதல்ல நம்ம பாட்டி நெஞ்சுக்குள்ளதான் போகும்.

உடைந்த கண்ணாடியை நாளிதழில் சுற்றி, அட்டைப் பெட்டியில் ஒட்டி, மேலே மலாயில் எழுதி வைக்கிறேன். லாரி வந்தா, "அண்ணே, இதில் கண்ணாடி" என்று நானே போய்ச் சொல்றேன். அவர் கையில் தழும்பு இன்னும் இருக்கு.

அடியார் காலுக்காக அப்பர் முள் எடுத்தார். நம் குப்பையைத் தூக்கும் கைக்காக நாமும் எடுப்போம்.

சிவாயநம.