புகார் நகரும் நிலையாமையும்

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சென்றால், காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரை அடையலாம். யவனர் இருக்கைகளும் வணிகர் மாடங்களும் நிறைந்திருந்த சோழர் துறைமுகம் இது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க நிலவியலறிஞர் தாலமி இதனைக் ‘கபேரிஸ்’ எனக் குறித்தார். இன்று அங்கு நிற்பவர் உள்ளத்தில், “இத்துணைப் பெரிய நகரமே அழிந்ததெனில், நாம் எதனைப் பேணி என்ன பயன்?” என்னும் வினா எழுவது இயல்பு. இவ்வினா மெய்யுணர்வின்பாற்பட்டதா, மடியின்பாற்பட்டதா என ஆராய்வது நம் கடன்.

1960களில் இந்தியத் தொல்பொருள் துறையினர் இப்பகுதியில் அகழாய்வு செய்தனர். கீழையூரில் செங்கற்களால் கட்டிய படகுத்துறையும், படகுகளைப் பிணிக்க நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. பல்லவனீச்சரத்தில் புத்த விகாரம் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. 1990களில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கடலடியிலும் ஆய்வு நிகழ்த்தினர். இந்திர விழா நின்றமையால் கடல் நகரைக் கொண்டது என்பது மணிமேகலையின் கூற்று. 2004 டிசம்பர் 26 அன்று இக்கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையைக் கண்ட நமக்குக் கடலின் வலிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நகரில் நம் முன்னோர்க்கும் இடமிருந்தது. சிலப்பதிகாரம் இங்கிருந்த நிக்கந்தக் கோட்டத்தைக் குறிப்பிடுகிறது. சாரணர் வந்து அறமுரைக்கும் சிலாதலத்தைக் கோவலனும் கண்ணகியும் வலம்வந்து நகர் நீங்கியதையும், வழியில் கவுந்தியடிகளைத் துணையாகப் பெற்றதையும் விரித்துரைக்கிறது. அச்சிலாதலத்தை இன்று நாம் வலம்வர இயலாது. ஆயினும் அதனை அறிகிறோம். எவ்வாறு?

கல்லால் ஆனது மறைந்தது. ஓலையில் எழுதியது நின்றது. ஓலை கல்லினும் வலியதன்று. செல்லும் ஈரமும் அதனைச் சில தலைமுறைகளில் அழித்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அமர்ந்து படியெடுத்தமையாலேயே அந்நூல் 1892இல் உ.வே. சாமிநாதையர் கையில் அச்சேறியது. அதற்கு முன் 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அந்நூலின் சமயக் கருத்துகளை விளக்கி உதவியவர்கள் கும்பகோணத்துச் சமண இல்லறத்தார். அவர்கள் மன்னரல்லர், நம்மைப் போன்ற குடும்பத்தினரே. வழிவழியாகக் கேட்டதை மறவாதிருந்தனர். வினவியவர்க்கு மறையாது உரைத்தனர்.

பன்னிரண்டு அநுப்பிரேட்சைகளுள் முதலாவது அநித்தியம். யாவும் நிலையாதன என்று எண்ணிப் பற்றினை அறுத்தல் அதன் பயன். ஆனால் நம் ஆசான்மார் அதனோடு நிறுத்தினாரல்லர். பதினோராவதாகப் போதிதுர்லபத்தை வைத்தனர். நல்லறிவு பெறுதற்கு அரிது. பெற்றதை நழுவவிடலாகாது என்பது அதன் கருத்து. முன்னதை மட்டும் கொண்டு பின்னதை விடுவோமாயின், நிலையாமை நம் சோம்பலுக்குப் போர்வையாகிவிடும்.

பற்று வேறு, பேணுதல் வேறு. ‘இஃது எனது’ என்று இறுகப் பிடிப்பது பற்று. ‘இஃது எனக்குப் பின் வருவோர்க்கும் உரியது’ என்று காத்து, உரிய காலத்தில் ஒப்படைப்பது பேணுதல். முன்னது வினையைச் சேர்க்கும், பின்னது ஞானதானமாகும்.

ஆகவே புகாரைக் காணச் செல்வோர் இளையோரையும் உடன் அழைத்துச் செல்க. கடல் கொண்டதற்காக வருந்துவதில் பயனில்லை. நம் இல்லங்களின் பரண்களில் கிடக்கும் சுவடிகளையும், பாட்டிமார் வாய்மொழியாகச் சொல்லும் தோத்திரங்களையும் இவ்வாண்டிலேயே படியெடுத்து வைப்போம். அவை மறையுமாயின், அப்பழியைக் கடலின்மேல் சுமத்த இயலாது.