பங்குனி ஆமைக்கு யார் வாகனம்?



பங்குனின்னா நமக்கு உத்திரம், காவடி. மாமல்லபுரம் மீனவர்களுக்கு அந்தப் பேர்லயே ஒரு ஆமையும் உண்டு. தை பிறந்ததும் ராத்திரில கரையேறி, மணலைத் தோண்டி சுமார் நூறு முட்டை வச்சுட்டுத் திரும்பிப் போயிடும் பங்குனி ஆமை.

நான் அச்சரப்பாக்கம். நண்பனோட சித்தப்பா கடல்ல போறவர். பாய் விரிச்சு ஓட்டுன காலத்துல ஓங்கில் கூட்டம் படகை ஒட்டியே வருமாம். "அதுங்க நம்ம கூட்டாளிங்க தம்பி"ன்னார். ஆமை? "மாட்டுனா வலை போச்சு"ன்னார். ஆனாலும் வலையை அறுத்து விட்டுடுவாராம். ஆமை மேல வந்து மூச்சு வாங்கணும்; இழுவலையில ரொம்ப நேரம் சிக்குனா மூச்சுமுட்டிச் செத்துடும். 2025 ஜனவரியில சென்னைக் கரையோரம் நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சே, ஞாபகம் இருக்கா?

கூடவே துள்ளி வர்ற ஓங்கிலை நேசிக்க என்ன கஷ்டம்? நமக்கு ஒண்ணுமே தராத, நஷ்டம் மட்டும் வைக்கிற ஆமைகிட்ட காட்டுறதுக்குப் பேரு என்ன? கடல் நடுவுல மாமரமா நின்ன சூரபத்மனையே முருகன் மயிலாவும் சேவலாவும் ஏத்துக்கிட்டார். ஆனா மயில் அவரைச் சுமக்குது, சேவல் கொடியில நிக்குது. ஆமை சித்தப்பாவுக்கு என்ன செஞ்சுது? அதனாலயே அவர் செஞ்சது எனக்குப் பெருசாத் தெரியுது. (முருகன் கோவிச்சுக்க மாட்டார்!) நாமளோ குஞ்சைக் கையில தூக்கி செல்ஃபி எடுத்து, ஜீவகாருண்யம்னு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வலைக்காசு அவரோடது.

உத்திரத்துக்கு உண்டியல்ல போடுறதுல பாதியை வலைக்குத் தரட்டுமான்னு கேட்டேன். "அதெல்லாம் வேணாம். ராத்திரி கரையில போன் லைட் அடிக்காம இருக்கச் சொல்லு. குஞ்சுங்க வெளிச்சத்தைப் பாத்து ரோட்டுப் பக்கம் போயிடுது."