கொடுத்த கை கேட்கலாமா?



கொடுப்பதை மறைவாகக் கொடுக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே எமக்குக் கற்பிக்கப்பட்டது. ஆகவே ஒருவருக்கு உதவியபின், அதனால் என்ன விளைந்தது என்று கேட்பது பண்பற்ற செயல் என எண்ணுகிறோம். கேட்டால், கொடுத்ததைச் சொல்லிக் காட்டுகிறான் என்று ஊர் பேசும். இந்தக் கூச்சம் நற்பண்புதானா? சற்றுச் சிந்திப்போம்.

யாழ்ப்பாணத்திற் கொடைக்குப் பஞ்சமில்லை. பிடியரிசி சேர்த்த வீடுகள் எம்முடையவை. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வாரி வழங்குகின்றன. திறப்பு விழா நடக்கிறது; பெயர்க்கல் பதிக்கப்படுகிறது. ஐந்து வருடம் கழித்து அங்கே போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பார்க்காவிட்டால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? 2009 இல் போர் முடிந்தபின் வந்த வீட்டுத் திட்டங்களை நினைத்துப் பாருங்கள். இந்திய அரசு 50,000 வீடுகளை நன்கொடையாகத் தர முன்வந்தது. அவற்றிற் பெரும்பகுதி வடக்கு கிழக்கிற்கே. குடும்பம் ஒன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்டினர். நல்ல கொடை, நல்ல முறை. ஆயினும் பொருட்களின் விலையும் கூலியும் ஏற, பணம் போதாமற் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்கள் பல. கூரை வந்தது, கூடவே கடனும் வந்தது. கட்டி முடித்த வீடுகளை மட்டும் எண்ணுகின்ற அறிக்கையில் இந்தக் கடன் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அகிலன் கதிர்காமர் போன்ற ஆய்வாளர்கள் இதை எடுத்து எழுதினார்கள்.

பின்னர் 2015 அளவில், 65,000 பொருத்து வீடுகள் என்ற அரசாங்கத் திட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பனியின் இரும்பு வீடுகள். ஒன்றின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அதைவிட மிகக் குறைந்த செலவிற் கல்வீடு கட்டலாம், எமது மேசன்மாருக்கும் வேலை கிடைக்கும் என்று இங்குள்ளோர் கணக்குக் காட்டினர். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும் ஆராய்ந்து குறைகளை எடுத்துரைத்தனர். 65,000 என்ற அத்திட்டம் நிறைவேறவில்லை. முதலாவதிற் கேள்வி பிந்தி வந்தது. இரண்டாவதில் முந்தி வந்தது. வேறுபாட்டைப் பாருங்கள்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் கெட்டவரல்லர். ஆனால் அவர் பணம் தந்தவருக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இரண்டு கிழமையில் திரும்பிவிடுவார். அவர் முன்னே எம்மவர், "எல்லாம் நல்லாயிருக்குது" என்றே சொல்வர். அடுத்த உதவி நின்றுவிடுமோ என்ற பயம். யாருடைய நகை அடகில் இருக்கிறது என்பது அயலவருக்கன்றோ தெரியும்?

உள்ளூரவர் கேட்பதிலும் ஆபத்து உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். சாதி, உறவு, முகத்தாட்சணியம் ஆகிய மூன்றும் உண்மையின் வாயை அடைக்கும். எனவே தனி மனிதரை நம்பியிராமல், முறையாகக் கற்றோர் முறையாகக் கேட்கும் நிலையங்கள் வேண்டும். 2004 இற் பருத்தித்துறையில் கலாநிதி முத்துகிருஷ்ண சர்வானந்தன் அபிவிருத்தி ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடக்கினார். அத்தகைய முயற்சிகளுக்குக் கைகொடுப்போர் குறைவு. ஏன் தெரியுமா? ஆய்விற் பெயர்க்கல் பதிக்க இடமில்லை.

இது மேல்நாட்டு நாகரிகம் என்று எண்ணாதீர்கள். 1833 இற் பரிசிலே ஒசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ற் டி போல் சபையை எமது பங்குகளில் அறிவோம். அச்சபையார் பணத்தை அனுப்பிவிட்டு இருப்பதில்லை; வீடு தேடிப் போய், இருந்து பேசி, நிலைமையை அறிகின்றனர். கேட்பது அங்கே அன்பின் ஒரு பகுதி.

மறைவாகக் கொடுப்பது என்றால் எமது பெயரை மறைப்பது, கண்ணை மூடிக்கொள்வதன்று. சொல்லிக் காட்டுபவன் தன்னைப் பற்றிப் பேசுகிறான். கேட்டறிபவன் மற்றவனைப் பற்றிக் கவலைப்படுகிறான்.

அடுத்த முறை உங்கள் சங்கம் பணம் சேர்க்கும்போது, ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கச் சொல்லுங்கள். பெற்றுக்கொண்ட தாயிடம், "எதை நாங்கள் பிழையாகச் செய்தோம், அம்மா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் எமக்கு வெட்கத்தைத் தரலாம். ஆனால் அடுத்த குடும்பத்தை அது கடனிலிருந்து காக்கும்.