பலனைக் காணாத வேலை



அமெரிக்கா தேசத்துப் பென்சில்வேனியா மாநிலத்தில் ராக்ஹில் என்றொரு சிற்றூர் உண்டு. ஈஸ்ட் பிராட் டாப் என்னும் சிறிய ரயில்பாதையின் பட்டறைகள் அங்கேதான் இருக்கின்றன. தண்டவாளத்தின் அகலம் 3 அடிதான். மலைச் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி இறக்கிய பாதை அது. கரி வியாபாரம் நொடித்து 1956-ல் அதை மூடினார்கள். விலைக்கு வாங்கியவரோ பழைய இரும்பு வியாபாரி! ஆனாலும் அவர் அதை உடைத்து விற்றுவிடவில்லை. 1960-ல் பாதையின் ஒரு பகுதியில் பிரயாணிகளுக்காக ரயிலும் விட்டார்.

அந்தப் பட்டறையைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். நீராவி எஞ்சின் ஒன்று கூரைக்கடியில் நீண்ட இரும்புத் தண்டுகளைச் சுழற்றும். தண்டுகளிலிருந்து இறங்கும் வார்கள் கடைசல் இயந்திரம், துளைபோடும் இயந்திரம் எல்லாவற்றையும் ஓட்டும். ஒரு பக்கம் கொல்லன் உலை, ஒரு பக்கம் வார்ப்படச் சாலை. இன்று இப்படி முழுமையாக மிஞ்சியவை வெகு சொற்பம். ஆனால் கூரை ஒழுகி, தூணின் அடி உளுத்துப்போனால் இத்தனையும் என்னவாகும்?

1983-ல் இந்த ரயிலின்மேல் பிரியமுள்ளவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். கூலி கிடையாது. விடுமுறை நாட்களில் வந்து, உளுத்த மரத்தை எடுத்துப் புது மரம் வைத்தார்கள், ஜன்னல்களைச் செப்பனிட்டார்கள், பழைய பெட்டிகளைப் புதுப்பித்தார்கள். எஞ்சின் ஓட்ட ஆசைப்படாதவர் யார்? இவர்களுக்கு வாய்த்ததோ தச்சுவேலையும் சாயம் பூசுவதும்.

2011-ஆம் ஆண்டோடு ரயில் மறுபடியும் நின்றது. பல வருஷம் ஒரு ரயிலும் ஓடவில்லை. இனி ஓடுமென்று சொல்வாருமில்லை. ஆயினும் அவர்கள் வேலையை விடவில்லை. இங்கேதான், பிரியமானவர்களே, நான் உங்களை நிறுத்த விரும்புகிறேன். ஓடுகிற ரயிலுக்கு உழைப்பது ஒன்று. ஓடாததற்கு உழைப்பது வேறு.

2020-ல் ஒரு தரும ஸ்தாபனம் அந்தப் பாதையை வாங்கிற்று. 1916-ல் செய்யப்பட்டு 1956 முதல் குளிர்ந்து கிடந்த 16-ஆம் எண் எஞ்சின், 2023-ல் நீராவி கக்கிக்கொண்டு புறப்பட்டது. 1983-ல் சுத்தியல் எடுத்தவர்கள் எல்லோருமா அதைக் காண இருந்திருப்பார்கள்?

நம் அர்ச். சூசையப்பரை நினையுங்கள். கானாவூர்க் கலியாணத்தை அவர் காணவில்லை என்பது திருச்சபையின் பாரம்பரியம். அவர் கண்டதெல்லாம் மரத்தூளும், வேலை பழகும் ஒரு பிள்ளையும்.

நம் பங்கிலும் தாய்மார் சிலர் இருக்கிறார்கள். துபாய்க்குப் போன மகன் பூசையை மறந்தான். கடிதம் ஏது, டெலிபோனில் பேசினாலும் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. "இத்தனை வருஷம் செபித்தேனே, சுவாமி, என்ன கண்டேன்?" என்று கேட்கிறார்கள். அம்மா, இன்றிரவு செபமாலை சொல்லும்போது அவன் பெயரைச் சொல்லி ஒரு தேவரகசியம் ஒப்புக்கொடுங்கள். நாளைக்கும் அப்படியே.