நடுவில் நிற்போர்

மண்ணின் செல்வம் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு ஆயுதம் விடை சொல்லப் புகும்போது, ஆயுதம் ஏந்தாதாரின் கடமை யாது? ஒரு பக்கம் சேர்வதா, ஒதுங்கிக் கொள்வதா? மூன்றாவது வழி ஒன்றும் உண்டு என்பதற்கு ஆச்சே சான்றாகிறது.

நம் மரக்காயர்களின் கப்பல்கள் ஒருகாலத்தில் வாணிபத்துக்குச் சென்ற நாடு அது; சுமத்திராத் தீவின் வடமுனை. அங்கு அருன் என்னுமிடத்தில் 1971-ல் பெரும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. வருவாயின் பெரும்பகுதி ஜகார்த்தாவுக்குச் சென்றது. வயலைச் சூழ்ந்த சிற்றூர்கள் வறுமையிலேயே கிடந்தன. 1976-ல் சுதந்திர ஆச்சே இயக்கம் தோன்றியது. முப்பதாண்டுக்காலப் பூசலில் பல்லாயிரம் உயிர்கள் மடிந்தன.

ஆலிம்களும் மாணவர்களும் பெண்களும் வாளாவிருக்கவில்லை. 2000 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கான பெண்கள் பண்டா ஆச்சேயில் மாநாடு கூடி அமைதி வேண்டினர். அவ்வாண்டு செப்டம்பரில் அர்-ரானிரி இஸ்லாமியக் கல்வி நிலையத்தின் தலைவர் சஃப்வான் இத்ரீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு செப்டம்பரில் ஷியா குவாலா பல்கலைக்கழகத் தலைவர் தயான் தாவூதும் அவ்வாறே மாண்டார். நடுவில் நிற்பது கோழைத்தனம் என்போர் இவ்விரு ஜனாஸாக்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.

2004-ன் ஆழிப்பேரலைக்குப் பின், 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. எதிரெதிரே அமர்ந்து பேசியோர் அரசினரும் இயக்கத்தினருமே. எரிவாயு வருவாயில் நூற்றுக்கு 70 பங்கு ஆச்சேக்கு என்று முடிவாயிற்று. உண்மையறியும் ஆணையமும் வாக்களிக்கப்பட்டது.

பங்கு பிரிப்பது எளிது. உண்மையைச் சொல்வதே அரிது. மாண்டோரின் குடும்பங்கள் சிலவற்றுக்குத் ‘தியத்’ என்ற பெயரில் அரசு பணம் அளித்தது. ‘என் மகனை எங்கே புதைத்தீர்கள்?’ என்று கேட்கும் தாய்க்குப் பணம் விடையாகுமா? அத்தகைய குடும்பங்களும் மனித உரிமைக் குழுவினரும் விடாது கேட்டதன் பயனாக 2013-ல் ஆணையத்துக்கான சட்டம் பிறந்தது. 2016-ல் அதன் உறுப்பினர்கள் பொறுப்பேற்றனர்.

அருனிலிருந்து திரவ எரிவாயு ஏற்றிய கடைசிக் கப்பல் 2014-லேயே புறப்பட்டுவிட்டது. எதன்பொருட்டுப் பூசல் மூண்டதோ அது வற்றியது. அத்தாயின் கேள்வி வற்றவில்லை. ஆயுதம் ஏந்தியோர் போரை நிறுத்தலாம். நீதியை மறவாமல் கேட்டு, அமைதியை அமைதியாக்குவோர் ஆயுதம் ஏந்தாதாரே. அக்கடமையிலிருந்து நம்மில் எவரும் விலகிக்கொள்ள இயலாது.