குடிநீரும் பூஞ்செடியும்

குடிப்பதற்கே தண்ணீர் அரிதாகும் கோடையில் பூஞ்செடிக்கு நீர் வார்ப்பது நியாயமா? வன்னிப் பெருநிலத்தில் இக்கேள்வியைப் பொழுதுபோக்கான தத்துவ விசாரமென்று ஒதுக்கிவிட இயலாது. அங்கு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. வைகாசி தொட்டு வீசும் சோளகம் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. இரணைமடுக் குளத்தில் மிஞ்சியுள்ள நீரைக் கணக்கிட்டே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவு செய்கின்றனர். வறட்சி கடுமையாயிருந்த 2017இல் வட மாகாணத்தின் பல ஊர்களுக்குக் குடிநீரே பவுசர்களில்தான் சென்றது. இத்தகைய நிலத்தில் ஒரு பெண் தன் முற்றத்தில் பட்டிப்பூவும் வாடாமல்லிகையும் வளர்க்கிறாள் என்றால், அச்செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது?

முதலில் வயிறு நிறையட்டும், பூவைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்பர் நம் நண்பர் சிலர். தேவைகளை வரிசைப்படுத்தும் இவ்விடை பொறுப்புள்ளது போலவே தோன்றும். ஆயின், உழைக்கும் மக்களுக்கு அந்தப் 'பிறகு' எப்போதாவது வந்ததுண்டா? செல்வர் மாளிகைப் புல்தரைக்கு நீர் பாயும்போது எழாத கேள்வி, ஏழையின் முற்றத்துச் செடிக்கு மட்டும் ஏன் எழவேண்டும்? 1912இல் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவி ரோஸ் ஷ்னைடர்மன், உழைக்கும் பெண்ணுக்கு ரொட்டி வேண்டும், ரோஜாவும் வேண்டும் என்று முழங்கினார். ரொட்டி கிடைத்த பின்னர் ரோஜா என்று அவர் வரிசை வகுக்கவில்லை. வெறுமனே உயிர் தரித்திருத்தல் வேறு, வாழ்தல் வேறு என்பதே அவர் கூற்றின் சாரம்.

நம் இலக்கிய மரபு பாரியைப் போற்றுகிறது. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்த வள்ளல் அவன். ஆனால் அது மன்னனின் கொடை; ஒரு தேர் போனால் அவனுக்கு மற்றொரு தேர் உண்டு. வன்னிக் குடிசையில் பூவுக்குக் கிடைப்பதோ அரிசி கழுவிய நீர், முகம் கழுவிய நீர். ஒரே நீரை இருமுறை பயன்படுத்தத் தெரிந்தவளின் கணக்கு அது. எவர் குடிநீரையும் அவள் பறிக்கவில்லை.

அவள் தெரிந்தெடுக்கும் செடிகளும் அக்கணக்குக்கு உட்பட்டவையே. பத்துமணிப்பூ தன் தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கிறது; வறட்சி முற்றும்போது பகலில் இலைவாய்களை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் காபனீரொட்சைட்டை உள்வாங்கும் வழிக்கு மாறுகிறது. பட்டிப்பூவின் கசப்புக்கு அஞ்சி ஆடு அதனைக் கடிப்பதில்லை. ஆகவே வேலியில்லாத வளவிலும் அது தப்பிவிடுகிறது. இந்தப் பட்டிப்பூச் செடியிலிருந்தே 1958இல் கனடாவில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படும் வின்கிறிஸ்டினும் இதிலிருந்து கிடைத்ததே. எனினும், மருந்தாவதால்தான் அது வளர்க்கத் தக்கது என்று நாம் வாதிடமாட்டோம். பயன் இன்னதென்று நிரூபித்த பின்னரே அழகுக்கு இடமளிப்போம் என்பது சந்தையின் நியாயம்.

ஆனால் இச்செடிகளைப் போற்றும்போது நாம் எளிதில் வழுக்கி விழக்கூடிய இடமொன்றுண்டு. விதைத்து வளர்த்தவர்கள் அதனை அறிவர். பத்துமணிப்பூவின் விதை மணற்பொடி போன்றது. ஒளி பட்டால்தான் நன்கு முளைக்கும். ஆதலால் ஈரமண்மீது தூவி மெல்ல அழுத்திவிடுவதோடு நிறுத்தவேண்டும், மண்ணிட்டு மூடலாகாது. மாசியிலோ பங்குனியிலோ விதைத்தால், முளைத்து வேரோடும் வரை சில வாரங்கள் நாள்தோறும் நீர் தெளிக்கவேண்டும். உச்சி வெயிலுக்கு ஓலை நிழல் கட்டவேண்டும். ஓரிரு நாள் மறந்தாலே நாற்று கருகிவிடும். வறட்சியைத் தாங்கும் ஆற்றல் விதையில் ஒரு சாத்தியமாகவே உறைந்திருக்கிறது. பராமரிப்பே அதனை மெய்யான ஆற்றலாக்குகிறது. ஆடியில் வாடாது நிற்கும் செடியைக் கண்டு வியப்பவர், பங்குனியில் வார்த்த நீரைக் கண்டவரல்லர்.

மனிதரைப் பற்றிப் பேசுகையிலும் இதே மறதி நேர்கிறது. 2009இல் போர் முடிந்தபோது வன்னி மக்களுள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. திரும்பி வந்து காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கி மீண்டும் வாழத் தொடங்கியவர்களின் 'தாங்குதிறன்' அறிக்கைகளிலும் மேடைகளிலும் புகழப்படுகிறது. புகழ்வதற்குச் செலவில்லை. இவர்கள் எதையும் தாங்குவார்கள் என்னும் பாராட்டு, ஆகவே இவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தாலும் போதும் என்னும் முடிவுக்கு மெல்ல இட்டுச் செல்கிறது. மலையகத்திலிருந்து 1970களில் வந்து இங்கு காடு வெட்டிக் குடியேறியவர்களுள் பலருக்கு வாய்க்கால் எட்டாத மேட்டு நிலமே கிட்டியது. அவர்களது உழைப்பை மெச்சிப் பேசுவோர் பலர்; அந்த நிலத்துக்கு நீர் வரவேண்டுமென்று கேட்போர் எத்தனை பேர்?

நம் ஆசிரியர்களும் இதனைச் சிந்திக்கவேண்டும். காலையுணவின்றி வகுப்பில் சோர்ந்திருக்கும் பிள்ளையிடம், வறுமையே மேதைகளை உருவாக்கியது என்று உபதேசிப்பது, நாற்றுக்கு நீரை மறுத்துவிட்டு அதற்கு வறட்சியின் பெருமையை ஓதுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இதுதான்: வன்னிக் கோடையில் பூஞ்செடிக்கு நீர் வார்ப்பது நியாயமே, அது அந்த முற்றத்தின் உரிமை. அச்செடியின் பொறுமையை மனிதருக்கு விதியாக்குவதே அநியாயம். பள்ளி வளவில் மாணவரோடு சேர்ந்து விதை தூவும் ஆசிரியர், அவ்வூருக்குக் கிணறும் வாய்க்காலும் கேட்டு எழும் குரலிலும் சேரட்டும். பாத்தியில் நீர் தெளிக்கும் சிறுவன், தன் வீட்டுக்கு ஏன் குழாய்நீர் வரவில்லை என்று கேட்கவும் கற்கட்டும்.